அழித்த பிறகு ஓடிய தூரம்

கிருமாம்பாக்கம் பங்க்கில் பெட்ரோல் போட்டுவிட்டு
காற்று பிடிக்கும் மூலையில் ஒதுங்கினேன்.
ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில்
தீப்பெட்டி அளவில் ஒரு நீலக் கருவி.
அதன் கண் சிமிட்டியது. போன் பிடித்துக்கொண்டது.

பி பூஜ்யம் ஏழு நாலு ஒன்று.
நாலு மாதமாக மனப்பாடம்,
காலி செய்த வீட்டின் கதவு எண் மாதிரி.
கோளாறுகளை அழிக்கவா? என்றது செயலி.
அடியில் பொடி எழுத்தில்:
அழிப்பது பழுதுபார்ப்பது ஆகாது.
ஆம் என்ற இடத்தில் கட்டைவிரலை வைத்தேன்.
மஞ்சள் விளக்கு அணைந்தது.
பெண் பார்க்கக் கிளம்பியவனைப் போல
முகம் கழுவி நின்றது வண்டி.

முள்ளோடை தாண்டி, ரெட்டிச்சாவடி தாண்டி
ஐம்பத்தைந்திலேயே உருட்டினேன்.
அறுபதுக்கு மேல்தான் அதற்கு நடுக்கம் வரும்,
நல்ல தார்ச்சாலையிலும் கப்பி ரோட்டில் போவதுபோல.
ஒரு கண் சாலையில், ஒரு கண் போனில்.
கூலன்ட் எண்பத்தெட்டு.
கியர் ஆயில் தொண்ணூற்று ஒன்று,
தொண்ணூற்று நாலு.
ஐசியு வாசலில் உட்கார்ந்தவன் மாதிரி பார்த்துக்கொண்டு வந்தேன்.
பிழைக்க வேண்டும் என்றெல்லாம் வேண்டுதல் இல்லை,
இன்னும் அரைமணி நேரம் தாங்கினால் போதும்.

ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள்.
புதுச்சேரி நம்பர், பாட்டில் இருக்கும் என்று நினைப்பு.
ஸ்டெப்னிக்கு அடியிலும் டார்ச் அடித்தார்கள்.
ஒண்ணும் இல்ல, போங்க சார்.

மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரம்
மெஹராஜ் பானு காத்திருந்தார்.
பெரியாஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடம்,
நைட் ட்யூட்டி முடித்து நேராக வந்திருக்கிறார்.
டயரை உதைக்கவில்லை. பானட்டைத் தூக்கச் சொல்லவில்லை.
கைப்பையைத் திறந்தார்.
அவரிடமும் ஒரு நீலக் கருவி இருந்தது.

"கோடு ஒண்ணும் காட்டல" என்றார்.
"சொன்னேனே" என்றேன்.
அவர் விரல் கீழே, கீழே தள்ளிக்கொண்டே போனது,
நான் ஒருநாளும் போகாத பக்கங்களுக்கு.
பிறகு போனை என் பக்கம் திருப்பினார்.
அழித்த பிறகு ஓடிய தூரம்: 10 கி.மீ.

மைதானத்தில் பையன்கள் எல்பிடபிள்யூவுக்குச் சண்டை போட்டார்கள்.

"டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி
இனிப்ப நிறுத்திட்டு வருவாங்க சார்.
வெறும் வயித்துல நூத்தஞ்சு காட்டும். சிரிப்பாங்க.
நாங்க மூணு மாசத்து சர்க்கரையையும் பாத்துருவோம்."
குரலில் கோபம் இல்லை. தூக்கம்தான் இருந்தது.
"எத்தனை நாள் தண்ணியில நின்னுச்சு?"

ரெயின்போ நகர். டிசம்பர்.
தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது
கியர் லீவர்மேல் ஒரு தேரை உட்கார்ந்திருந்தது.
ஃபெலிக்ஸ் ஆயிலை இறக்கிக் காட்டினான்,
ரோஸ்மில்க் நிறம்.
பெட்டியை இறக்கிப் பிரிக்க ஒன்றேகால் லட்சம் என்றான்.
நான் இருநூற்றைம்பது ரூபாய்ச் செயலி ஒன்றை வாங்கினேன்.

இதில் ஒன்றும் வாயில் வரவில்லை.
"மூணு" என்றேன்.

கருவியைக் கழற்றி ஒயரைச் சுற்றினார்.
"வாரம் ரெண்டு தடவ அம்மாவ ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போவணும்.
வழியில நின்னுட்டா..."
ஷேர் ஆட்டோ வந்தது. ஏறிக்கொண்டார்.

திரும்பும்போது தென்பெண்ணைப் பாலத்தில்
வேண்டுமென்றே அறுபத்தைந்துக்கு மிதித்தேன்.
நடுங்கியது.
பதின்மூன்றாவது கிலோமீட்டரில் மஞ்சள் விளக்கு வந்தது.
அழிக்கவா? என்று கேட்டபடியே
போன் திரை தானாக இருண்டது.
கன்னியக்கோயில் தாண்டும்போது ஏசியை அணைத்து
கண்ணாடிகளை இறக்கினேன்,
கொஞ்சம் இளைப்பாறட்டும் என்று.

ராத்திரி விளம்பரத்தைத் திருத்த உட்கார்ந்தேன்.
ஒரே ஓனர். ஆட்டோமேட்டிக். நாலும் புது டயர்.
மூன்று நாள்
என்பது வரை அடித்திருக்கிறேன்.
இன்னும் போடவில்லை.